மாமனார் பெயர் வைத்த பிள்ளை

போன வாரம் விழுப்புரத்தில் என் மகனுக்கு எல்.கே.ஜி. அட்மிஷன். “உன் பேர் என்ன?” என்று மேடம் கேட்டார். இவன் கணீரென்று சொன்னான் — “ஐயா.”

வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டதற்கு வரிசையாக ஒப்பித்தான். நான் கூப்பிடுவது ஐயா, என் கணவர் கூப்பிடுவது அப்பா, மாமியார் கூப்பிடுவது சாமி. மேடம் சிரித்துக்கொண்டே, நீங்களே சொல்லிக் காட்டுங்கள் என்றார். நான்... அப்ளிகேஷனில் எழுதியிருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன்.

என்ன செய்வது? பையனுக்கு வைத்தது என் மாமனார் பெயர். மனிதர் திடமாக நடமாடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெயரை மருமகள் சொல்லலாமா? மனைவி சொல்லலாமா? பெற்ற மகன்தான் அதோடு ‘டேய்’ சேர்த்துக் கூப்பிடுவானா? எங்கள் வளவனூரில் பல வீடுகளில் இதே கதைதான். பெரியவர் பெயரை வைத்துவிட்டு, சொல்ல வாய் வராமல், மரியாதையாகவே கொஞ்சுகிறோம். ஐயாவும் சாமியும் அப்படிப் பிறந்த செல்லங்கள். வாராவாரம் இந்தப் பத்தியில் ஊருக்கே புத்தி சொல்லும் எனக்கும் வாய் வரவில்லை!

திங்கட்கிழமை வந்து பையன் தன் பெயரைச் சொன்னால்தான் சீட் என்று மேடம் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் மாடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைத்துக்கொண்டிருந்தார். நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பையன் காதில் மெதுவாகப் பெயரைச் சொன்னேன். அவனும் ரகசியம் போலவே என் காதில் திருப்பிச் சொன்னான். இப்படிச் சொன்னால் மேடத்துக்குக் கேட்குமா? கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன் — “ஏழுமலை!”

“இன்னாம்மா?”

மாடிப்படியிலிருந்து மாமனார் குரல். கதவைத் திறந்து, பையனுக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன் மாமா என்று உளறினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கம்மா போனப்புறம் இந்த வூட்டுக்குள்ள எம்பேரு கேக்கவே இல்லம்மா. மாமா, அப்பான்னே கூப்ட்டுக்கினு இருக்கீங்க. நீ சொல்லும்மா... நல்லாத்தான் இருக்குது.”

மரியாதை, மரியாதை என்று ஒரு மனிதரின் பெயரையே வாங்கி ஒளித்து வைத்திருந்தோமே!

சீட் கிடைத்துவிட்டது. கொஞ்சுவதற்கு இன்னமும் ஐயாதான். ஆனால் சாயங்காலம் பால் ஆற்றி வைத்ததும், வாய் நிறையப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

கூப்பிடுவது பையனைத்தான் — வருவது இரண்டு பேர்.