உப்புக்காற்றும் பெட்ரோல் டேங்கும்

காருக்கு அடியில் படுத்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. அதிலும் பெட்ரோல் டேங்க் என்கிற ஒரே சாமானோடுதான் என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது.

புதுப்பட்டினத்தைத் தாண்டியதும் கடல் பக்கமாக ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதுதான் எங்கள் ஷெட். டேங்கை இறக்குவதும் ஏற்றுவதும் நான். பெயின்ட் அடிப்பது கற்பகம். முன்பு ஃபைபர் படகுகளுக்கு அடித்துக்கொண்டிருந்தவர், இப்போது என் பார்ட்னர். கடலோரம் குடியிருக்கும் உங்களுக்கு நான் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு கேட் கீலும் மாடிப்படிக் கம்பியும் வாஷிங் மெஷினின் அடிப்பாகமும் என்ன பாடுபடுகின்றன என்று உங்களுக்கே தெரியும். நாமெல்லாம் ஒரே காற்றிடம் அடி வாங்குகிறவர்கள். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: இப்போது வருகிற கார்களில் டேங்க் பெரும்பாலும் பிளாஸ்டிக். பழைய வண்டிகளில் இரும்புத் தகடு. அது ஓட்டையானால் புதுசு மாட்டுவது பெரிய வித்தை இல்லை. மாட்டிய புதுசைத் துரு தின்னாமல் காப்பாற்றுவதுதான் வேலை.

மேலே நடந்த விவசாயம்

மாமல்லபுரத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். டேங்கை நிரப்பினால் மட்டும் காருக்குள் பெட்ரோல் வாசனை வருகிறது, பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் வருவதில்லை என்றார். இந்த டேங்க் அவர் மாற்றிப் போட்ட புதுசு. போட்ட நாளிலிருந்து வருஷம் தவறாமல் தானே குனிந்து, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்துவருகிறாராம். விளக்கு பிடித்துப் பார்த்தேன். உண்மைதான், அடிப்பக்கம் கல்யாணச் சட்டி மாதிரி பளபளவென்று இருந்தது.

டேங்கை இறக்கினோம். மூன்று பேரும் மேல்பக்கத்தைக் குனிந்து பார்த்தோம். சக்கரம் வாரி இறைத்த மணலும் சவுக்கு ஊசியும் மழைச்சேறும் படிந்து படிந்து அங்கே ஒரு பாத்தியே உருவாகியிருந்தது. அதன் நடுவில், வெயிலையே பார்க்காத வெளிறிய பச்சையில், இரண்டு இலையோடு ஒரு செடி நின்றது. தலைக்கு மேலே காரின் தரை, பக்கத்தில் கொதிக்கிற சைலன்சர் குழாய். எதை நம்பி அது முளைத்ததோ தெரியவில்லை. சேற்றை வழித்தால் கீழே தகடு அப்பளமாக உதிர்ந்தது. துரு கீழேயிருந்து ஏறும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது மேலே குடித்தனம் வைத்துவிட்டு நிதானமாகக் கீழே வருகிறது. கற்பகம் அந்தச் செடியை மண்ணோடு பெயர்த்து ஒரு பழைய டப்பாவில் வைத்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்துச் சொன்னார்: "சார், நீங்க கீழ பெயின்ட் அடிச்சிகினு கீறீங்க. மேல எவனோ நாத்து வுட்டுகினு கீறான்."

டேங்கின் மூச்சு

கூடுவாஞ்சேரியில் இருக்கும் ஒரு பேங்க் ஆபீசர், ரிட்டயர் ஆனவர். எதையும் அரைகுறையாகச் செய்யாத மனிதர். புது டேங்கை வாங்கி, மொட்டைமாடியில் வைத்து, கைக்கு எட்டிய இடமெல்லாம் பூச்சுக்கு மேல் பூச்சாகத் தடவிவிட்டு அங்கேயே யாரிடமோ கொடுத்து மாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்திருக்கிறது வண்டி. கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

நான் பெட்ரோல் மூடியைத்தான் முதலில் திருகினேன். முங்கி எழுந்தவன் மூச்சு வாங்குகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம் உள்ளே போனது. அடுத்த நொடி அடியிலிருந்து "டம்" என்று ஒரு அறை. நான் துள்ளிப் பின்னால் போனேன். இறக்கிப் பார்த்தால், டேங்க் நாலு பக்கமும் சொட்டை விழுந்து, வெயிலில் கிடந்த பூசணி மாதிரி ஒடுங்கியிருந்தது. காற்று போய்வருகிற சிறு குழாயின் வாயையும் சேர்த்துப் பூசி அடைத்திருக்கிறார். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வர வழியில்லை. பம்ப் உள்ளேயிருந்து உறிஞ்ச, வெளியே இருக்கிற காற்று இரும்பைப் பிடித்து நசுக்கியிருக்கிறது. வேறு எதுவும் இல்லை, நீங்களும் நானும் இந்த நிமிஷம் இழுத்து விடுகிற இதே காற்றுதான். எத்தனையோ டேங்க் பார்த்துவிட்டேன், இதை மட்டும் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தேன். ஆபீசரும் கூடவே தடவினார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "துரு உள்ள போகக் கூடாதுன்னுதாங்க மூடினேன். மூச்சையும் சேத்து மூடிட்டேன் போலருக்கு."

நீலச் சோப்பு

தனலட்சுமியக்கா எங்கள் ஊர்தான். சொந்த வேன் வைத்து, தானே ஓட்டி, கூடுவாஞ்சேரிக்கு மீன் கொண்டுபோகிறவர். மீன் வண்டிக்கு வருகிற கேடு வேறு எந்த வண்டிக்கும் வராது. ஐஸ் உருகி உப்புத் தண்ணீராகப் பலகை இடுக்கில் இறங்கி, நேராக டேங்க் மேல் சொட்டும். கடல்காற்று வருஷக்கணக்கில் செய்வதை அது ஒரே கோடையில் செய்து முடிக்கும்.

ஒரு நாள் மதியம் அவருடைய மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லை. பெண்ணை வேனில் படுக்கவைத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பெட்ரோல் நெடி. நிறுத்திக் குனிந்து பார்த்தால், டேங்கின் இரண்டு தகடும் சேர்கிற தையல் விளிம்பில் கோடாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. கைகாட்டி நிறுத்த ரோட்டில் வேறு வண்டி ஏதும் இல்லை. மீன் கூடை கழுவ வைத்திருந்த நீலச் சோப்புக் கட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிசைந்து, அடை தட்டுவது மாதிரி அந்த விளிம்பு நெடுக அப்பிவிட்டு, கதவுக் கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசல் வரை சோப்பு பிடித்திருக்கிறது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று தெரிந்த பிறகுதான் வண்டியைக் கட்டி இழுத்து என்னிடம் அனுப்பினார்.

அடியில் நுழைந்து பார்த்தேன். சோப்பு நீல மெழுகாக இறுகி அப்படியே நின்றது. அதற்குப் பக்கத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்தேன், அழுத்தக்கூட இல்லை, பிஸ்கெட்டில் இறங்குவது போல இறங்கியது. ஒரு சாண் தள்ளி சைலன்சர் குழாய். புது டேங்க் போட்டோம். பலகைக்குக் கீழே ஒரு தட்டு வைத்து, ஐஸ் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் போய் விழுகிற மாதிரி செய்துகொடுத்தோம். வண்டி எடுக்க வந்தபோது, "பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன். தனலட்சுமியக்கா சிரிக்கக்கூட இல்லை. "பயந்துகினு இருக்க நேரம் ஏதுப்பா? உள்ள ஒருத்தி கத்திகினு கீறா, கீழ ஒண்ணு ஒழுகிகினு கீது. எது மொதல்ல வருமோன்னு பாத்துகினே ஓட்னேன்."

கற்பூரம் அணைந்த காலை

மாசி மகத்தன்று உள்ளூர்க் கிராமங்களிலிருந்து சாமிகளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்குக் கொண்டுவருவார்கள். கற்பகமும் நானும் கும்பிடப் போயிருந்தோம். கோதண்டம் என்பவரின் பழைய பெட்ரோல் வேனில், திறந்த முதுகில், பூ அலங்காரத்தில் அம்மன் வந்து நின்றாள். கோதண்டம் விவசாயி. மற்ற நாளில் அதே வேனில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றுவார். மணல் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது அடியில் ஏதோ 'சளக்' என்றது. எங்கும் ஜனம். கை தவறாமல் கற்பூரத் தட்டு. அந்தக் கற்பூர வாசனைக்கு நடுவில் எனக்கு வேறு வாசனை வந்தது. எங்கே இருந்தாலும் என் மூக்கு முதலில் பிடிக்கிற வாசனை.

மணலில் விழுந்து பார்த்தேன். டேங்க் அடியில் துரு திறந்துகொண்டு பெட்ரோல் நூலாக ஊற்றிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அடைக்கப் பார்த்தேன். விரல் பட்ட இடம் இன்னும் பெரிதாகத் திறந்தது. என்ஜினை நிறுத்தச் சொல்லிக் கோதண்டத்திடம் கத்திவிட்டு, மைக்கில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த குருக்களின் காதில் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. மந்திரத்தை நிறுத்திவிட்டு அதே குரலில் சொன்னார்: "யாரும் ஓடாதீங்கோ. கையில இருக்கற கற்பூரத்தை நின்ன இடத்துலயே மண்ணுல புதைங்கோ. அம்பாள் கேக்கறா."

அதன் பிறகு நான் கண்டதை இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கும். அலைகிற கூட்டம் மொத்தமும் குனிந்தது. தட்டுத் தட்டாக நெருப்பு மணலுக்குள் போனது. ஒருவரும் ஓடவில்லை, ஒருவரை ஒருவர் தள்ளவில்லை. மேளம் நின்றது. கடல் சத்தம் மட்டும். பெட்ரோலைப் பிடிக்கப் பாத்திரம் வேண்டும் என்று நான் தடுமாறியபோது, குருக்கள் தீர்த்தக்குடத்தையே எடுத்து நீட்டினார். நான் தயங்கினேன். "ஊரைக் காப்பாத்தக் குடம் கேட்டா அவ வேண்டாம்னா சொல்லப்போறா? பிடிங்கோ" என்றார். பித்தளைக் குடம் நிறைய நிறையப் பெண்கள் தங்கள் குடங்களை நீட்டினார்கள். நிறைந்ததைக் கற்பகம் தூரத்துக்குக் கொண்டுபோனார். மீனவர்கள் அம்மனைத் தோளில் தூக்கி அலைக்குள் இறங்கினார்கள். டேங்க் காலியானதும் வண்டியை எல்லோருமாக ஆள் இல்லாத பக்கம் தள்ளிவிட்டோம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஈரப் புடவையோடு மணலில் உட்கார்ந்த கற்பகம் சொன்னார்: "அண்ணாத்த, இத்தினி ஜனம் ஒண்ணா சும்மா நின்னு நான் என் ஜென்மத்துல பாத்ததில்ல."

மறு மாசி

அந்த வேனுக்குப் புது டேங்க் வந்தது. கடையிலிருந்து வருகிற டேங்கின் கறுப்பு, கண்ணுக்குத்தான் பெயின்ட். வருஷா வருஷம் இறங்குவது போல அடுத்த வருஷமும் இந்த வண்டிதான் அலைக்குள் இறங்கும் என்று கோதண்டம் சொல்லிவிட்டார், வேறு வண்டியில் அம்மனை ஏற்ற ஊர் சம்மதிக்கவில்லை. கற்பகம் டேங்கின் வாய்களை டேப் போட்டு மூடினார். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, இரண்டு தகடும் சேர்கிற தையல் விளிம்புக்கு மட்டும் முதலில் பிரஷ்ஷால் பிரைமர் கொடுத்தார். பிறகு உடம்பு முழுக்கப் பிரைமர். அது காய்ந்த பிறகு ரப்பர் மாதிரி இறுகும் கெட்டிப் பூச்சு. கீழே எவ்வளவோ அதே அளவு மேலேயும். காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு நெடுக விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. நான் விளக்கு பிடித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் அங்கே மட்டும் இன்னொரு கை பூசினார். டேங்கைத் தாங்குகிற பட்டைகளுக்கு அடியில் இருந்த கம்பளித் துண்டுகளை நான் பிய்த்துப்போட்டேன், அவை ஈரத்தை உறிஞ்சி மடியில் வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் ரப்பர் வைத்தேன். கடைசியில் டேப்பை எல்லாம் உரித்து, குழாய் வாய்கள் திறந்திருக்கின்றனவா என்று ஊதிப் பார்த்துத்தான் ஏற்றினேன்.

மறு மாசி மகத்தன்று வேன் முழங்கால் அளவு அலையில் நின்றது. நான் கும்பிடவே இல்லை, வண்டியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்த்தவாரி முடிந்ததும், நல்ல தண்ணீரில் கழுவுவதற்காகக் கோதண்டம் வேனை நேராக ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். முன் சீட்டில் குருக்கள். நான் சாக்கை விரித்து அடியில் போனேன். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போலக் கடல்நீர் முத்து முத்தாக டேங்கில் நின்றது. எங்கும் ஒட்டவில்லை. விளிம்பிலும் பட்டை ஓரத்திலும் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. இரும்புக்கும் கடலுக்கும் நடுவில் நகத்தின் கனமே உள்ள ஒரு பூச்சு நின்று, அத்தனை பெரிய தண்ணீரை "அங்கேயே இரு" என்று சொல்லியிருக்கிறது. பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பினால் குருக்கள், கட்டின பஞ்சகச்சத்தோடு, என் சாக்கில் ஒரு பாதியில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே படுத்தபடி சொன்னார்: "அம்பாளை ஊரே பார்த்துது. அவளைத் தாங்கிண்டு இருந்ததை நாம ரெண்டு பேர்தான் பார்த்தோம்."

கண்ணுக்குப் படாத இடத்தில் செய்த வேலைக்குத் தினம் தினம் பாராட்டு வேண்டுமென்றால், நான் பம்பர் வேலைக்குத்தான் போயிருக்க வேண்டும்.