நடு ஆற்றுச் சமாதானம்

தோணிக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் மனைவிக்கோ அதற்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடும். சண்டை முற்றினால் அந்த அம்மாள் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு அக்கரையிலிருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஆற்றில் இருந்ததோ ஒரே தோணி. யாரோடு சண்டையோ, அந்த மகராசனேதான் துடுப்புப் போட்டுக் கொண்டுபோய் விடவேண்டும்!

நடு ஆற்றுக்கு வந்ததும் துடுப்பு மெதுவாகும். "வெயில் ஜாஸ்திதான்" என்பார், வானத்தைப் பார்த்து. இன்னும் நாலு வார்த்தை பேசுவார். இறங்கிப் போகவும் வழியில்லாமல் அந்த அம்மாள் சிரித்துவிடுவார், தோணி திரும்பிவிடும். மன்னிப்புக் கேட்டுத் தோணிக்காரருக்குப் பழக்கமே இல்லை.

அந்த வருஷம் பெய்த பேய்மழையில் ஆறு தடம் மாறியது. ஊருக்குக் கிழக்கே அரிவாள் போல வளைந்து போய்க்கொண்டிருந்த ஆறு, மேற்கே இருந்த பள்ளத்தை அறுத்துக்கொண்டு நேராக ஓடிவிட்டது. பழைய ஆறு வெறும் மணலானது. தோணியை லாரியில் ஏற்றி மேற்கே கொண்டுபோனார்கள். பிழைப்புக்குக் குறைவில்லை.

ஒருநாள் மத்தியானம், மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்த மச்சான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். வேலையில்லாத பையன். நம் ஆள் சும்மா இருக்காமல், "தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டார். அவன் பாதியில் எழுந்து போய்விட்டான்.

"என் தம்பியையா சொன்னீங்க?" என்று அந்த அம்மாள் துணியை எடுத்தார்.

அவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, வழக்கம்போல முன்னால் போய்த் தோணியில் உட்கார்ந்தார். வெகுநேரம் காத்திருந்தார். ஆள் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது: அம்மா வீட்டுக்குப் போகிற வழி இப்போது வெறும் மணல், தோணி எதற்கு? ஊரைக் கடந்து கிழக்கே ஓடினார்.

மணலில் பாதிதூரம் போயிருந்தார் மனைவி.

"வெயில் ஜாஸ்திதான்..."

அந்த அம்மாள் நிற்கவில்லை.

"கால் சுடலையா?"

நடை இன்னும் வேகமானது. பழைய வித்தை ஒன்றும் பலிக்கவில்லை. இவள் இல்லாத வீட்டுக்கு எப்படித் திரும்புவது என்று நினைத்தவர் குரலை உயர்த்திக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் நில்லும்மா. நான் சொன்னது தப்பு. மன்னிச்சுடு."

அந்த அம்மாள் நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"என்கிட்ட எதுக்குங்க? பசியோட எழுந்து போனவன் அவன்."

தோணிக்காரர் மனைவியைத் தாண்டி நடந்தார். மாமியார் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது மச்சான்தான்.

"வாய்யா மச்சான், சாப்பிடலாம்" என்றார். "நீ வர்றவரைக்கும் நானும் சாப்பிடப் போறதில்லை."