வடித்த மீன் தண்ணீர்

மனைவியின் இரத்தப் பரிசோதனையை மீன் தண்ணீர் ஊற்றிக் கெடுத்த மடையன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதையும் நல்லெண்ணத்தோடு, சுடச்சுடச் செய்தேன்.

நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. அவளுடைய மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் கட்டிக்குள் ஊசி விட்டு எடுத்துச் சோதிக்க நாள் குறித்தார். அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பெண் டொக்டர் அதே நாளில் கொஞ்சம் இரத்தமும் கேட்டார். சாப்பாட்டிலுள்ள புரதம் உடைந்து அமினோ அமிலங்களாக இரத்தத்தில் ஓடுமாம். மார்புப் புற்றுநோய் வந்தால் அவற்றின் அளவு மாறுகிறதா என்று பார்க்கிறாராம்.

"இது இன்னும் ஆராய்ச்சிதான் அண்ணை. முடிவு சொல்லுறது ஊசிதான். ஆனா அக்கா வெறுவயித்தோட வரவேணும்."

"ஓம், ஓம்" என்றேன். தலையாட்டுவதில் என்னை வெல்ல ஆளில்லை.

குறித்த நாள் காலை எங்கள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்கு வரும் வள்ளத்தில் அவள் வெளிறிப்போய் இருந்தாள். கடலில் அலை அதிகம். ஆனால் அவள் பயந்தது அலைக்கு அல்ல. கட்டியை என்னால் ஒன்றும் செய்ய முடியாது, பசியையாவது ஆற்றலாமே என்று நினைத்தேன். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒருசந்தி விரதம் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: மென்று தின்றால்தான் விரதம் முறியும், வடித்துக் குடித்தால் முறியாது. அந்தச் சட்டத்தை ஆஸ்பத்திரிக்கும் நீட்டினேன். ஒட்டி மீனை அவித்து, துண்டு முள் இல்லாமல் துணியால் வடித்து, சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுவந்திருந்தேன்.

"வெறுவயிறு எண்டெல்லோ சொன்னவ?" என்றாள்.

"இது தண்ணிதானே. குடியும்."

குடித்தாள். இரண்டு கோப்பை.

மூன்று கிழமை கழித்து முடிவுக்குப் போனோம். வாசலிலேயே அந்தப் பெண் டொக்டர் மறித்தார். "அக்கான்ர அமினோ அமிலம் எல்லாம் ஒரேயடியா ஏறிக் கிடக்கு. காலமை ஏதும் சாப்பிட்டவவோ?"

'ஏறிக் கிடக்கு' என்பதோடு என் காது அடைத்துவிட்டது. பக்கத்தில் கிடந்த வாங்கில் குந்திவிட்டேன். மனைவிதான் என்னைச் சுட்டிக்காட்டினாள்.

"இவர் மீன் அவிச்ச தண்ணி பருக்கினவர்."

"மீன் தண்ணியோ! அண்ணை, அதுக்குள்ள இருக்கிறது முழுக்க அமினோ அமிலம்தான்!" அவர் சிரித்த சிரிப்பில் தாதிமார் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியின் முடிவு இன்னும் உள்ளே பெரிய டொக்டரிடம் இருந்தது.

பெரிய டொக்டர் கடதாசியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "புற்றுநோய் இல்லை. சாதாரணக் கட்டி. பயப்பிடாதேங்கோ."

நான் அவருடைய கையைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் மேசையிலிருந்த பேனை விழுந்தது. மனைவி அழவில்லை. சேலையை உதறிச் செருகிக்கொண்டு, தேர்தலில் வென்றவள் மாதிரி வெளியே நடந்தாள். நேரே பெண் டொக்டரிடம் போனாள்.

"நோய் வருத்தம் இல்லாத ஆக்களின்ர ரத்தமும் உங்களுக்குத் தேவையோ?"

"கட்டாயம் தேவை அக்கா. ஒப்பிட்டுப் பாக்க வேணும்."

"அப்ப நான் திரும்ப வாறன்."

அடுத்த கிழமை அதே வள்ளம். கடல் தகடுபோலக் கிடந்தது. அவள் முன்னால் நிமிர்ந்து இருந்தாள். நான் மெல்லப் பையிலிருந்து போத்தலை எடுத்தேன்.

"இஞ்சேரும், ஒரு மிடறு?"

"ரத்தம் குடுத்தாப்பிறகு."