ஆளுக்குப் பாதி மாத்திரை

அன்று அந்த அறையில் இருந்தது மூன்றே பேர்: என் வீட்டுக்காரர், நான், திருப்பதி ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மருந்து தரும் இடத்தின் கவுன்சிலர் மேடம். மருந்து எங்கள் ஊரான சித்தூரிலேயே கிடைக்கும். அங்கே வரிசையில் நின்றால் எங்கள் சர்ச்சுக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். எட்டாவதோடு நின்றவள் நான். எந்தக் காகிதத்தில் பேர் எழுதச் சொன்னாலும் பின்வாங்கிவிடுவேன்.

கிருமி எங்கள் இருவருக்கும் இருந்தது. பேர் பதிந்தவர் அவர் மட்டும்தான். நான் தூரத்து நாயுடுபேட்டை லேபில் ரகசியமாக ரத்தம் பார்த்துக்கொண்டதோடு சரி, பதிய மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அதனால் தினமும் ஜெபம் முடிந்ததும் அவருடைய மாத்திரையைக் கத்தியால் இரண்டாக்கிப் போட்டுக்கொண்டோம்.

"கல்யாணத்துல பாஸ்டரய்யா இன்னா சொன்னாரு? ரெண்டு பேரும் ஒரே மாம்சம்னாரு. ஒரு ஒடம்புக்கு ஒரு மாத்திரை போதும்டி" என்று சிரிப்பார்.

மேடம் ஒவ்வொரு முறையும் டப்பாவைக் கவிழ்த்து மிச்சத்தை எண்ணுவார். எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை.

அன்று ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கிருமி ஏறியிருந்தது.

"நெஜம் சொல்லுங்கண்ணா, மாத்திரைய நடுவுல விட்டீங்களா?"

"ஒருநாள் கூட இல்ல மேடம்."

"ஆணுறையாவது போடறீங்களா? அக்காவுக்குத் தொத்திக்கப் போவுது."

"அது இன்னாத்துக்கு மேடம்? அவளுக்குந்தான் இருக்குதே."

நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். வார்த்தை வெளியே வந்துவிட்டது.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, அப்போ உங்க மாத்திரை எங்க?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பாதி மருந்துக்குக் கிருமி அடங்காது, அதைத் தாங்கப் பழகிக்கொள்ளும், பழகிய கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும், இருவருக்கும் இருந்தாலும் ஆணுறை வேண்டும் என்றார். அன்றே என் பேரையும் எழுதினார்.

"இனிமே ஆளுக்கொரு டப்பா. பணக்காரங்களாயிட்டோம் போ" என்று பஸ்ஸில் கேலி செய்தார் என் வீட்டுக்காரர். புத்தலப்பட்டு தாண்டும்வரை இருமிக்கொண்டே வந்தார்.

அது டி.பி. இருமல். அப்போது எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல் அதிகமானபோதும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல், எங்களைத் தெரிந்தவர் யாரும் வராத ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எங்களுக்கு இருப்பதை அங்கேயும் மறைத்தேன். நான்கு நாள் ஏதேதோ ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது நான் முழு மாத்திரை போடுகிறேன். அந்தத் தனியார் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கொடுத்த என் அண்ணி, "அப்படி இன்னா ஜுரம்மா அது?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு நான் தர வேண்டியது பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.