பின்வரிசையில் என் தம்பி

மார்ச் மாதத்தில் ஒரு காலை வேலைக்குப் போனபோது, சாப்பாட்டு அறையில் கேரல் அழுதுகொண்டிருந்தார். நான் வேலை செய்வது அமெரிக்காவில், ஒரு பெரிய ஏரியின் கரையிலுள்ள நகரத்தில், ரொட்டி சுடும் தொழிற்சாலையொன்றில். கேரல் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அறுபதைத் தாண்டியவர். இயந்திரத்தில் விரல் மாட்டிக்கொண்ட நாளில்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற மனுஷி. என்ன நடந்தது என்று கேட்டேன். "தே கட் டார்னெல்" என்றார். டார்னெலை வெட்டிவிட்டார்களாம். மகனா, மருமகனா, யாரென்று தெரியாது. "எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்?" என்று கேட்டேன். அறை முழுவதும் வெடித்துச் சிரித்தது. கேரலும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பொதி கட்டும் பகுதியில் வேலை செய்யும் மைக்தான் எனக்கு விளக்கினான். டார்னெல் நலமாக இருக்கிறார். பதினொரு வருடம் இந்த ஊர் ஃபுட்பால் அணிக்கு ஆடியவர். இப்போது அவரை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்குப் பெயர்தான் 'கட்'.

இந்த நாட்டு ஃபுட்பாலில் பந்து காலில் படுவது அபூர்வம். கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது ஏமாற்று வேலைபோலத் தெரிந்தது. குளிர்காலத்தோடு ஆட்டங்கள் முடிந்துவிடும். அடுத்த ஆட்டம் இலையுதிர்காலத்தில்தான். ஆனால் ஆட்டமே இல்லாத மாதங்களில்தான் இவர்களுடைய வாய் ஓய்வதில்லை. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, யாரை எடுப்பது என்று சாப்பாட்டு மேசையில் தினமும் நீதிமன்றம் நடக்கும். அந்த வருடம் வழக்கு முழுவதும் டார்னெல் ஆடிய டிஃபென்ஸ் பற்றி, அதாவது எதிரணியை முன்னேறவிடாமல் தடுக்கும் பின்வரிசை பற்றி. "முப்பத்துநாலு வயசு. வேகம் போயிடுச்சு. இது பிசினஸ், கேரல்" என்பான் மைக். "விரல் முறிஞ்ச கையோட ஆடினவன். என் புருஷன் செத்த வருஷம், ஞாயிற்றுக்கிழமையானா நான் எழுந்து தலை சீவினதே அவனைப் பார்க்கத்தான். போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லாம, செய்தியில பார்த்துத் தெரிஞ்சுக்க வச்சாங்களாம் அவனை" என்பார் கேரல். தன்னை யாரென்றே தெரியாத ஒரு ஆட்டக்காரனுக்காக ஒரு பெண் இப்படி வேகுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், நான் மனதுக்குள் மைக் பக்கம்தான்.

எனக்கும் பின்வரிசை தெரியும், காலால் உதைத்து ஆடும் எங்கள் ஊர் ஃபுட்பாலில். இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிசன் அணியில் நானும் என் தம்பி அந்தோணியும் எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் பேக் ஆடினோம். எங்கள் மைதானம் ஒருபுறம் சரிவு. கீழ்ப்பக்கக் கோலைத் தாண்டிய பந்து தேயிலைக்குள் உருண்டு, தொழிலாளர் வீட்டு வரிசையான இரண்டாம் லயத்துக் கூரைக்குப் போய்விடும். அந்தச் சரிவில் பின்வரிசை ஆடுவதென்றால் ஓட்டத்தைவிடக் கணக்கு முக்கியம். நான் அவசரக்காரன். பந்து கிடைத்தால் முன்னே ஏறிவிடுவேன். அப்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அந்தோணியின் சத்தம் கேட்கும்: "நீ போண்ணே, பின்னால நான் பாத்துக்கிறேன்." வெளிநாட்டுக்கு வழி கிடைத்தபோது அப்பா நெஞ்சு நோயோடு படுத்திருந்தார். போவதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, பதுளை ரயில் நிலையத்து வாசலில் என் பையை என் தோளில் மாட்டிவிட்டு அதே வார்த்தைகளைத்தான் சொன்னான். நான் போனேன். அவன் நின்றான். அப்பாவை அடக்கம் செய்த நாளில் நான் இங்கே ரொட்டித் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அணிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தோட்டத்தில் இருப்பவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், கத்தாரில் இருப்பவர்கள், நான், எல்லோரும் அதில் உண்டு. ஜூன் மாதத்தில் அங்கேயும் வழக்குத் தொடங்கியது. ஆகஸ்டில் தோட்டத்து டிவிசன் அணிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்குப் பின்வரிசையில் யாரைப் போடுவது? பதுளையில் கல்லூரி அணிக்கு ஆடிய இரண்டு பேர் கிடைப்பார்கள், எடுக்கலாமா? எடுத்தால் யாரை விடுவது? பெயரைச் சொல்லாமல் எல்லோரும் அந்தோணியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவனும் அந்தக் குழுவில் இருந்தான். ஒரு வார்த்தை எழுதவில்லை. தலைவன் ராஜன், நான் ஆடிய காலத்தில் எங்களுக்குக் கோல் காத்தவன், எனக்குத் தனியாகக் குரல் பதிவு ஒன்று அனுப்பினான். "அண்ணே, நமக்குள்ளயே இருக்கட்டும். அந்தோணி விசயத்துல உங்க மனசுல பட்டத சொல்லுங்க. வெளிய போகாது."

மூன்று மாதம் மைக் பேசியதைக் கேட்டு ஊறிய காது. நானும் குரல் பதிவிலேயே அதே தோரணையில் பதில் சொன்னேன். "அவனுக்கு முட்டி போச்சு ராஜன். திரும்பி ஓட முடியல. ஓடுற பசங்கள எடு. என் தம்பின்னு பாக்காத. அணிதான் முக்கியம்." சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. சொந்தம் பார்க்காமல் நியாயம் பேசிவிட்டேனாம். அந்தோணியிடம் நானே பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன் என்றும் கடைசியில் சேர்த்திருந்தேன். அன்றைக்குப் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. ஞாயிறு பேசலாமென்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காதான் கூப்பிட்டார். ரீட்டா அக்கா எங்கள் இருவருக்கும் மூத்தவர், இன்றும் கொழுந்து எடுக்கிறவர். எடுத்த எடுப்பிலேயே, "ஜோசப்பு, என்னடா சொல்லி வச்ச நீ?" என்றார். காலையில் தொழிலாளருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அணிக் கூட்டம் நடந்திருக்கிறது. ஊரே சுற்றி நின்றிருக்கிறது. தன்னை ஏன் எடுக்கவில்லை என்று அந்தோணி கேட்டபோது, ராஜன் கைப்பேசியைப் படிக்கட்டில் வைத்து, "முடிவு எங்களுது இல்ல அந்தோணி, ஒங்க அண்ணனே சொல்லிட்டாரு, கேளு" என்று என் குரலைப் போட்டிருக்கிறான். அந்தோணி முழுவதையும் கேட்டானாம். "இன்னொருக்கா போடு" என்றானாம். மறுபடியும் கேட்டுவிட்டு, சரிவில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான். அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே குழுவில் ஒரு வரி விழுந்தது: அந்தோணி வெளியேறினார்.

ராஜனைக் கூப்பிட்டேன். "வெளிய போகாதுன்னு சொன்னியேடா" என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. "நீங்க சொன்னது பொய்யாண்ணே? உண்மைதான? நாங்க சொல்லியிருந்தா வாழ்நாள் பூரா பகை. தினம் அவன் மூஞ்சில முழிக்கிறது நாங்க. நீங்க தூரத்துல இருக்கீங்க. ஒங்களுக்கு என்னாண்ணே ஆகப் போவுது?" என்றான். தோட்டத்திலிருந்து என்னிடம் கருத்துக் கேட்கிறார்களே என்று நான் மகிழ்ந்திருந்தேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது என் கருத்தல்ல, பழியைச் சுமக்க ஊரில் இல்லாத ஒருவன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் குழுவை விட்டு வெளியேறப் போனேன். விரல் வரவில்லை. அதுவும் போனால் எனக்கு அங்கே வேறென்ன இருக்கிறது?

அந்தோணி மூன்று வாரம் என் அழைப்பை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் எடுத்தான். அப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது, ராஜன் துரோகம் செய்துவிட்டான் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டிருந்தான்.

"ராஜன விடு. அவன் எனக்கு யாரு?" என்றான். "என் முட்டி போனது எனக்குத் தெரியாதாண்ணே? இந்த வருசத்தோட நானே நிப்பாட்டலாம்னுதான் இருந்தேன். ஒரு போன் போட்டு, 'போதும்டா தம்பி, ஒக்காரு'ன்னு நீ சொல்லியிருந்தா, அன்னிக்கே சட்டையக் கழட்டிக் குடுத்திருப்பேன்."

அவனே தொடர்ந்தான்.

"முட்டி எப்புடிப் போச்சுன்னாவது தெரியுமா ஒனக்கு?"

"ஆட்டத்துல அடிபட்டதுதான?"

"அப்பாவுக்கு மூச்சு முட்டுன அன்னிக்கு நல்ல மழை. வண்டி மேல வரல. நாக்காலியில ஒக்கார வச்சு தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு எறங்குனோம். முன்னால நான். வழுக்கிருச்சு. அவர கீழ போடக் கூடாதுன்னு கால மடக்கி நின்னேன். ஒனக்கு எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டோம்." வைத்துவிட்டான்.

இதையெல்லாம் கேரலிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ராஜனைத் திட்டுவார், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். என் உடைந்த ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸோ யூ ஆர் த ஃப்ரண்ட் ஆஃபீஸ்" என்றார். ஒரு அணியில் யாரை வைப்பது, யாரை வெட்டுவது என்று கதவுக்குப் பின்னாலிருந்து முடிவு செய்கிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். எனக்குக் கேட்டது 'ஆபீஸ்' மட்டும்தான். எங்கள் தோட்டத்து ஆபீஸ் ஜன்னல் முன்னால், நோயில் பல நாள் வேலைக்கு வராத அப்பா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. உள்ளேயிருந்து யாரும் எழுந்து வரவில்லை. "ஒம் பேர வெட்டியாச்சு" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. அந்தக் குரலுக்கு முகம் இருந்ததா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை நானும் அந்தோணியும் சேர்ந்துதான் பார்த்தோம். பெரட்டுக்களத்துப் படிக்கட்டில் என் குரலை இரண்டாவது முறை போடச் சொன்னபோது அவனுக்கு எது கேட்டிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. கேரல் தன் ரொட்டித்துண்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். அவர் கோபக்காரர் இல்லை. சில நாளைக்கு என்னோடு உட்கார அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தோணியை அதே தோட்டத்தின் கீழ் டிவிசன் அணி அழைத்துக்கொண்டது. முட்டியில் துணி சுற்றிக்கொண்டு தினமும் பழகுகிறான் என்று அக்கா சொன்னார். ஆகஸ்டில் இரண்டாவது சுற்றிலேயே மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் மோத வேண்டி வந்தது. அங்கே ஞாயிறு பின்னேரம், இங்கே ஞாயிறு விடிகாலை. வேலைக்கு முன்கூட்டியே போய், தொழிற்சாலை வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். அக்கா மேல் டிவிசன் ஆட்கள் நடுவே நின்று கைப்பேசியைப் பிடித்துக் காட்டினார். அவருக்கு ஆட்டம் தெரியாது. "இப்ப பந்து எங்கடா இருக்கு?" என்று என்னைத்தான் கேட்டார். பச்சைச் சட்டையில் அந்தோணியைப் பார்க்கக் கண் பழகவில்லை. எங்கள் சட்டை சிவப்பு.

முதல் பாதி முடியும் நேரம், பதுளையிலிருந்து வந்தவர்களில் ஒருவன் இரண்டு பேரைத் தாண்டிக் கோலை நோக்கி அடித்தான். அந்தோணி ஓடவில்லை. பந்து எங்கே வருமென்று தெரிந்தவன்போலக் கோட்டில் போய் நின்று, நெஞ்சில் வாங்கித் தட்டிவிட்டான். "அப்புடித்தான்டா அந்தோணி!" என்று நான் காருக்குள் கத்திவிட்டேன். கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்திருக்கிறது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யாரு, ஜோசப்பா? நம்ம பக்கம் இருந்துக்கிட்டு அவனுக்குக் கத்துறாரு. அக்கா, போன அந்தப் பக்கம் கொண்டு போங்க" என்றான் ஒருவன். இடைவேளையில் அக்கா மைதானத்தைச் சுற்றி நடந்து கீழ் டிவிசன் பக்கம் போனார். அங்கேயும் விடவில்லை. "அந்தோணி அண்ணன வெட்டச் சொன்ன ஆளாக்கா? இங்க வேணாம்." அக்கா கைப்பேசியை இறக்கவில்லை. "ரெண்டு பேருமே என் தம்பிங்கதான்டா" என்றார். பிறகு இரு பக்கத்தாரும் நிற்காத இடத்தில், நடுக்கோட்டுக்கு வெளியே, போய்த் தனியாக நின்றுகொண்டார்.

கடைசி நிமிடங்களில் அதே பதுளைக்காரன் மேல்பக்கத்திலிருந்து சரிவில் பாய்ந்து வந்தான். அந்தோணி திரும்பினான். முட்டி திரும்பவில்லை. பாதி வட்டத்தில் ஒரு கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டான். கோல். மேல் டிவிசன் ஜெயித்தது. ஜூன் மாதத்தில் நான் சொன்னது சரிதான் என்று ஊரார் முன்னிலையில் நிரூபணமானது. என் வாழ்க்கையில் சரியாக இருந்ததற்காக இவ்வளவு கூசியதில்லை.

நொண்டிக்கொண்டே அவன் அக்காவைக் கடந்து போனான். "ஜோசப்பு லைன்ல இருக்கான்டா" என்று அக்கா கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். வேர்வை வழியும் முகம். ஏதாவது திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. "ஒனக்கு வேலைக்கு நேரமாகலயாண்ணே?" என்றான். அவ்வளவுதான். பச்சைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் தோளில் கைபோட்டு அவனை அழைத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு பக்கம் ராஜனைத் தூக்கிக்கொண்டு வெடி கொளுத்தினார்கள். மறுபக்கம் என் தம்பி தரையில் உட்கார்ந்து முட்டித் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "தம்பி, எந்தப் பக்கம் காட்டட்டும்?" என்று அக்கா கேட்டார். இவ்வளவு நேரம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்த அக்காவின் கை ஓய்ந்துபோக, திரையில் மைதானம் ஒருமுறை சிவப்புப் பக்கமும் ஒருமுறை பச்சைப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருந்தது.