பானையின் கடைசிப் பக்கம்

என் கணவர் கொடைக்கானல் லாட்ஜ்களுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். கேட்டால் வரவேற்பறைச் சுவரில் அருவி, மான், சூரியோதயம் எல்லாம் வரைந்து கொடுப்பார். ஜன்னலைத் திறந்தால் நிஜ மலை நிற்கும்போது சுவரில் எதற்கு இன்னொரு மலை என்று கேட்பேன். "ஜன்னல்ல பாதி நாள் மேகம்தான தெரியுது. வந்தவங்க ஏமாந்துரக் கூடாதுல்ல" என்பார். டவுனில் மிஸ்ட் என்கிறார்கள். எங்களுக்கு அது மேகம்தான். அவரிடம் வாய் கொடுத்து நான் ஜெயித்ததில்லை, ஆனால் கொடுக்காமல் விட்டதும் இல்லை.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பழங்காலத்துச் சீன ஞானி ஒருவரின் சிந்தனையை எங்கோ படித்துவிட்டு, ஒருநாள் சமைத்துக்கொண்டே என் கணவரிடம் சொன்னேன். பானையை மண்ணால் செய்கிறோம். ஆனால் சோறு பொங்குவது மண்ணில் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லாத இடத்தில். அவ்வளவுதான் விஷயம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்தார். "இதப் பிள்ளைங்களுக்குப் படப் புத்தகமாப் போடலாமே" என்றார். வாசகம் என் பொறுப்பு, படம் அவர் பொறுப்பு என்று ஆனது.

தன்னிடம் ஒன்றுமே இல்லையே என்று வருத்தப்படுகிற ஒரு சின்னப் பானையின் கதை அது. பூண்டு மூட்டையைப் பார்த்து ஏங்கும். கேரட் கூடையைப் பார்த்து ஏங்கும். ஒரு மழை நாளில் நனைந்த குருவி ஒன்று வந்து, உள்ளே கொஞ்சம் இடம் இருக்குமா என்று கேட்கும். பானை அப்போதுதான் முதல்முறையாகத் தனக்குள் எட்டிப் பார்க்கும். அடுத்தது கடைசிப் படம், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். பானை தனக்குள் என்ன பார்த்தது? அதற்கு நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. அது உங்கள் பாடு என்று அவர் தலையில் கட்டிவிட்டேன்.

அந்த ஒரு படம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வரைவார், கிழிப்பார், மறுபடி உட்காருவார். போனில் பழைய சீன ஓவியங்களைத் தேடித் தேடிப் பார்த்தார். அவற்றில் மலையின் பாதி வரையப்படாமலே இருக்கும். "இவங்களும் நம்ம பக்கத்து ஆளுங்க போல" என்று சிரித்தார். பதிப்பகத்தில் கேட்கிறார்கள், வெரசா முடிங்க என்று நான் விரட்டிக்கொண்டே இருந்தேன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரியகுளத்தில் என் அம்மா வீட்டுக்கு அடுக்கம் மலைப்பாதை வழியாக மோட்டார் சைக்கிளில் இறங்குவோம். பாதி வழியில் மேகம் இறங்கினால் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிடுவார். மற்றவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தாவது போவார்கள். நான் பின்னால் உட்கார்ந்து கத்துவேன்.

"அங்க ஆயிரம் சோலி கெடக்கு. போங்களேன்."

"இரு, வெலகட்டும்."

சொல்லிவிட்டு மேகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஐப்பசியில் ஒரு காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் பெருமாள்மலையைத் தாண்டியதும் மேகம் இறங்கியது. டிரைவர் பாவம், தலையை வெளியே நீட்டிப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஒரு வளைவில் ஒன்றும் தெரியாமல் நின்றேவிட்டார். போப்பா, போப்பா என்று நான் அலறினேன். படுத்திருந்தவர் என் விரலைப் பிடித்தார். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து, "இரு, வெலகட்டும்" என்றார். மேகம் விலகி வண்டியும் கிளம்பியது. வத்தலக்குண்டு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அவர் மேசையை ஒதுக்கும்போது கடைசிப் படத்துக்கான தாள் கிடைத்தது. மற்ற படங்களைப் போலவே அட்டையில் ஒட்டி, ஓரத்தில் பக்க எண் போட்டு, மேலே மெல்லிய காகிதம் மூடி வைத்திருந்தார். தாளில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் படம் எடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்த பெண் தயங்கித் தயங்கிப் போனில் கேட்டாள்.

"மேடம், இது இப்படியேதானா? இல்ல, சார் முடிக்கலையா?"

"முடிக்கல. வேற யாரையாவது வரையச் சொல்லுங்க."

அந்த வெள்ளையைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கு அது பானையின் உள்பக்கம் இல்லை, அந்த மலை வளைவு. சென்னை ஓவியர் ஒருவர் வெயில் நிறைந்த பானையை வரைந்து அனுப்பினார். நன்றாகவே இருந்தது. நான் சரி என்று சொல்வது மட்டும்தான் பாக்கி.

சொல்வதற்கு முன் பிள்ளைகளிடம் வாசித்துப் பார்த்துவிடலாம் என்று கூக்கால் என்ற மலைக் கிராமத்துக்குப் போனேன். அங்கே பள்ளியில் என் தோழி ஆசிரியை. புதுப் படம் என் போனில்தான் இருந்தது. கையில் இருந்தது என் கணவர் தைத்து வைத்த மாதிரிப் புத்தகம், அதிலும் கடைசிப் பக்கம் வெள்ளைதான். கடைசிப் பக்கத்தை வாயால் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

பானை எட்டிப் பார்த்தது. பக்கத்தைப் புரட்டினேன். "இந்தப் படம் இன்னும்..." என்று தொடங்கினேன்.

"மேகம் எறங்கிருச்சு டீச்சர்" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒருத்தி.

"குருவி உள்ளதான் இருக்கும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நான் புத்தகத்தை மூடப் போனேன். வகுப்பே கத்தியது.

"மூடாதீங்க டீச்சர்! இருங்க, வெலகட்டும்."

அவர்களுக்கு அது தினமும் சொல்கிற பேச்சு. பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில் ஏரி மறைந்தால் சொல்வார்கள், ஆடு கண்ணில் படாமல் போனால் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அந்த வெள்ளைத் தாளையே பார்த்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, அவசரப்படவில்லை. நான் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். கை வலித்தும் இறக்க மனம் வரவில்லை. வத்தலக்குண்டில் வராத அழுகை அங்கே வந்தது. பிள்ளைகள் ஏதோ செய்துவிட்டார்கள் என்று நினைத்து என் தோழி எழுந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

திரும்பும்போது பூம்பாறை அருகே சிக்னல் கிடைத்ததும் பதிப்பகத்துப் பெண்ணைக் கூப்பிட்டேன். "அந்தப் பக்கம் அப்படியே வரட்டும்மா" என்றேன்.

"அப்ப, சார் முடிச்சுட்டாரா மேடம்?"

"தெரியலம்மா."

உண்மையிலேயே எனக்குத் தெரியாது. வேண்டுமென்றே விட்டாரா, கை வராமல் விட்டாரா என்று கேட்க ஆள் இல்லை. இதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்திருக்கும், நானும் விட்டிருக்க மாட்டேன்.

புத்தகம் வந்துவிட்டது. அச்சுப் பிழை என்று சிலர் திருப்பிக் கொடுக்கிறார்களாம். இந்த மலைப் பள்ளிகளுக்கு நான் வாசிக்கப் போகும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எப்போது மூடுவது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். "வெலகிருச்சு டீச்சர்" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். நான் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புவேன். எனக்கு இன்னும் விலகவில்லை.