செப்டம்பர் நிழல்

பகலும் இரவும் சமமாகும் நாளுக்கு எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டுவார்கள். ஆக்லாந்து நகர மையத்தில் ஆறாவது மாடியில், கட்டட வரைபடம் போட்டுக்கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. செப்டம்பர் பிற்பாதியில் ஒரு காலை முதலாளி எலுமிச்சை கேக் வாங்கி வருவார். அதன் மேல் மஞ்சள் சர்க்கரையில் ஒரு சூரியன், அதற்கு ஒரு சிரிப்பு வேறு. குளிர் ஒழிந்தது, இனி வேலை முடிந்து வெளியே போனால் வெளிச்சம் இருக்கும் என்று எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் ஏழு வருடம் தட்டியிருக்கிறேன். இந்த வருடம் அந்தக் கேக்கைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. ஒரு துண்டு வாங்கித் தின்றேன். தின்றதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

என் வேலை நிழல் வரைவது. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், இதற்கா இன்ஜினியரிங் படித்தாய் என்று. யாராவது மூன்று மாடி வீடு கட்ட வேண்டுமென்றால், அதன் நிழல் பக்கத்து வீட்டில் எவ்வளவு தூரம் விழும் என்று படம் போட்டு நகரசபைக்குக் கொடுப்போம். கணினியில் கட்டடத்தை நிறுத்தி, தேதியையும் நேரத்தையும் தட்டினால் நிழல் தானாக விழுந்துவிடும். எந்தத் தேதியைத் தட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த ஊரில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும். டிசம்பரில் தலைக்கு மேலே நிற்கும், நிழல் சுவரடியோடு சரி. ஜூன் குளிரில் கூரைகளுக்குச் சற்று மேலே ஊர்ந்து போகும், அப்போது அதே சுவரின் நிழல் அடுத்த வீட்டு முற்றத்தை முழுதாக விழுங்கும். டிசம்பரைக் காட்டினால் ஏமாற்று வேலை என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். ஜூனைக் காட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அதனால் நடுவில் இருக்கிற சம இரவு நாளை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் நிழல் எப்போதும் மரியாதையாக இருக்கும், வேலியைத் தாண்டி கொஞ்ச தூரம் வந்து நின்றுவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜூனுக்கும் ஒரு படம் போடட்டுமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். யாராவது கேட்டார்களா என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் போடாதே என்றார். கெட்டவர் இல்லை. என் மகள் பிறந்தபோது தொட்டில் வாங்கித் தந்தவர். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

நாங்கள் இருப்பது நகர மையத்துக்கு மேற்கே, நியூ லின்னில். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து வீடு தள்ளி ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். விடியுமுன் எழுந்து போய் நகர மையத்தில் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்புவார். மூன்று மணிக்கு என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவந்து, நான் வரும்வரை வைத்துக்கொள்வார். மகள் ஆங்கிலத்தில் கேட்பாள், அக்கா தமிழில் பதில் சொல்வார், இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருடத்துக்கும் மேலாக நான் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தது அவரால்தான்.

அக்காவுக்கு இந்த நாட்டில் பிடித்த இடம் என்று ஒன்று உண்டென்றால் அது அவருடைய பின்முற்றம். வடக்குப் பார்த்த முற்றம். துணி காயப்போடும் கொடி, அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி, அதற்குப் பின்னால் ஆளுயரக் கறிவேப்பிலை மரம். இங்கே கறிவேப்பிலையை வெளியில் நட்டு வளர்ப்பதென்றால் சாதாரணக் காரியம் இல்லை. குளிரில் போர்வை கட்டி, பனியில் உதறி, பதினைந்து வருடம் வளர்த்திருந்தார். தெருவில் உள்ள தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் தாளிக்க அங்கிருந்துதான் போகும். வேலையிலிருந்து வந்ததும் அந்த நாற்காலியில் வெயிலில் உட்கார்ந்து ஒரு பிளேன் டீ குடிப்பார். ஜூலையில்கூட அந்த ஒரு மணி நேர வெயில் அவருக்கு உண்டு. முழங்கால் வலிக்கு டாக்டர் தந்த மாத்திரையைவிட அதுதான் கேட்கிறது என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, அவருடைய வேலிக்கு வடக்கே இருந்த பழைய மர வீடு விலைபோனது. சில மாதம் கழித்து ஒரு மாலை நான் மகளை அழைத்துவரப் போனபோது, அக்கா ஒரு தாள்கட்டை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, நீர் இதுதானே கீறுறனீர். ஒருக்காப் பாத்துச் சொல்லும். பக்கத்துக் காணியில மூண்டு மாடி கட்டப் போகினமாம். என்னட்டக் கையெழுத்துக் கேக்கினம். என்ர வெயிலுக்கு ஏதும் வருமோ?"

எங்கள் அலுவலகத்துப் படம் இல்லை, வேறு யாரோ போட்டது. ஆனால் எங்கள் கை வேலைதான். செப்டம்பர், காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்று. மூன்றிலும் நிழல் கொடிக்கு ஒரு முழம் முன்பே நல்ல பிள்ளையாக நின்றிருந்தது. எனக்குப் பசி. காலை எட்டிலிருந்து நிழல் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. மகள் பையை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே பார்த்தேன்.

"ஒண்ணும் ஆகாதுக்கா. பாருங்க, கொடிக்கு முன்னாடியே நிழல் நின்னுடுது. தாராளமா போடுங்க."

"நீர் சொன்னாச் சரி," என்றார். அங்கேயே, ஷூ வைக்கும் அலமாரி மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அவருக்கு வரும் பாதிப்பை நகரசபை அதற்குப் பிறகு கணக்கில் எடுக்காது. அதுவும் எனக்குத் தெரியும். பேனா கொடுத்ததே நான்தான்.

போன வருடக் கடைசியில் கட்டடம் எழும்பத் தொடங்கியது. இங்கே கட்டும்போது சாரத்தைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக்கால் முழுக் கட்டடத்தையும் சுற்றிக் கட்டிவிடுவார்கள். வேலை இழுத்துக்கொண்டே போக, குளிர்காலம் முழுக்க அந்த வெள்ளைப் பொதி அக்காவின் வேலிக்கு மேலே நின்றது. நான் இருட்டில் போய் இருட்டில் வருகிறவள். ஆறு மணிக்கு மகளை வாங்கிக்கொண்டு ஓடும்போது முற்றத்தில் வெயில் இருந்ததா இல்லையா என்று எங்கே பார்ப்பது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, நடுப்பகலில், சாம்பாருக்குக் கறிவேப்பிலை கேட்டுப் போனேன்.

"இப்ப முறிக்கேலாது பிள்ளை. இலை எல்லாம் கொட்டுண்டிட்டுது. வெயில் வரட்டும், துளிர்க்கும். செப்டம்பரில வருமெண்டு படத்தில போட்டிருக்கெல்லோ."

ஊரெல்லாம் வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவருடைய முற்றத்தில் மட்டும் காலையில் பெய்த பனி ஈரம் அப்படியே கிடந்தது. நாற்காலியின் கையில் பச்சையாகப் பாசி. கொடி வெறுமையாக இருந்தது, துணி எல்லாம் உள்ளே ஹீட்டருக்கு முன்னால். நிழல் கொடியைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, சமையலறைச் சன்னல் வரைக்கும் ஏறியிருந்தது. கட்டடத்தின் உயரத்தை ஒரு பார்வை பார்த்தேன். அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளைப் பிளாஸ்டிக் மறைக்கிறது, அதைக் கழற்றினால் வெயில் வரும் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தார். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தினமும் மாலை அவர் வீட்டு வாசலில் நின்று, மகளை வாங்கிக்கொண்டு, தேங்க்ஸ்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். என் மேல் எனக்கு வந்த எரிச்சலை வீட்டில் கணவர் மேலும் அலுவலகத்தில் பிரிண்டர் மேலும் காட்டினேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் பிளாஸ்டிக்கைக் கழற்றினார்கள். அதற்குள் சூரியனும் மேலே ஏறியிருந்தது. நிழல் நாளுக்கு நாள் பின்வாங்கியது. எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டி நாலைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில்காலத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்த அன்று, அக்கா எங்களைச் சாப்பிட வரச் சொல்லியிருந்தார். கணவருக்கு அன்று வேலை. மகளும் நானும் போனோம்.

முற்றத்தில் சின்ன கேஸ் அடுப்பை வைத்துப் பொங்கிக்கொண்டிருந்தார். தரையில் கோலம். வாழையிலைக்கு வழியில்லாமல் ஒரு தட்டில் பழமும் வெற்றிலையும். எல்லாவற்றையும் கொடிக்கு இந்தப் பக்கம், வெயில் விழுந்த இடமாகப் பார்த்து வைத்திருந்தார். நிழல் கொடிக்கு ஒரு முழம் முன்பு நின்றது. படத்தில் போட்ட அதே கோடு.

"இது என்னக்கா, புரட்டாசியில பொங்கல்?"

"தையில இஞ்ச சூரியன் கொளுத்துது. வந்து குந்தியிருக்கிற ஆளுக்கு என்ன வரவேற்பு? அந்தாள் இப்பதான் வாறார், இப்பதான் பொங்க வேணும்." சிரித்தார். பால் பொங்கி வழிந்தபோது என் மகளோடு சேர்ந்து கை தட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீர் சொன்ன மாதிரியே வந்திட்டுது, பிள்ளை."

அவர் திட்டியிருந்தால் நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். நன்றி சொல்கிறவரிடம் என்ன செய்வது? உள்ளே சாப்பிட உட்கார்ந்தோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தம் வைத்து, அந்தப் படத்தின் பிரதி ஒட்டியிருந்தது. செப்டம்பர் என்ற இடத்தைச் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தார். குளிர்காலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் சமைத்திருக்கிறார்.

"அக்கா, இந்த வெயில் மார்ச் வரைக்கும்தான். அதுக்கப்புறம் போயிடும்."

"குளிருக்குக் கொஞ்சம் குறையத்தானே செய்யும்."

"குறையறது இல்லக்கா. இந்த வருஷம் மாதிரிதான். பிளாஸ்டிக்கால இல்ல, கட்டடத்தாலதான். இனிமே ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "நீர் அண்டைக்குப் பாத்தனீர்தானே?"

"பாத்தேன். சரியா பாக்கல."

"உமக்கு இது தெரியாதோ?"

தெரியாது என்று வாய்வரை வந்தது. பக்கத்தில் மகள் பொங்கலில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தாள். "தெரியும்," என்றேன்.

அக்கா கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருக்க வேண்டும். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது, ஏன் இந்த மனுஷி வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டமாட்டேன் என்கிறார் என்று. எழுந்து போய்ப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, என் தட்டைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வைத்தார்.

"ஜூனைக் கீறும்."

"அக்கா..."

"கீறும். நான் பாக்க வேணும்."

மகளின் பையிலிருந்து கறுப்பு கிரேயானும் அடிக்கோலும் எடுத்தேன். கட்டடத்தின் உயரம் படத்திலேயே எழுதியிருந்தது. ஜூன் நடுப்பகல் சூரியனின் சரிவு எனக்கு மனப்பாடம். அளந்து கோடு போட்டேன். பிறகு வேலியிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் கறுப்பை அப்பினேன். மகள் எட்டிப் பார்த்து, கோட்டுக்கு வெளியே போகாதே என்று ஆங்கிலத்தில் எனக்குப் புத்தி சொன்னாள். கிரேயான் பாதியாகத் தேய்ந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"என்ர கொடி எங்க?"

"இதுக்குள்ளக்கா."

"கதிரை?"

"நாற்காலியும் உள்ளதான்."

"கறிவேப்பிலை?"

விரலை வைத்துக் காட்டினேன். விரல் நுனியில் கறுப்பு ஒட்டியது. சமையலறைச் சன்னலை அவர் கேட்கவில்லை. அதை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"இது கீற எவ்வளவு நேரம் எடுத்தது உமக்கு?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"ஐஞ்சு நிமிசம்," என்றார் அக்கா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முற்றத்தில், வெயிலில், இன்னும் அணைக்காமல் எரிந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்துச் சொன்னார். பிறகு அதை அணைக்க எழுந்து போனார்.